மஞ்சள் குடையில் ஒரு தவறான எண்

நம் தொழிலுக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் அமையவில்லை. கடைப் பலகையில் ‘விளம்பரப் பரிசுப் பொருட்கள்’ என்று எழுதியிருக்கிறோம். ஆனால் ராயபுரத்தில் யாரிடம் வழி கேட்டாலும், "பேரு போட்டுக் குடுக்குற கடைதானே? நேரா போயி லெப்ட்ல திரும்பு" என்பார்கள். அந்தக் கடையில் பாவாடை தாவணியோடு வேலைக்குச் சேர்ந்து மூக்குக் கண்ணாடியோடு ஓய்வு பெற்றவள் நான். சரக்குக் கம்பெனிக்குத் தொப்பி, நகைக்கடைக்குப் பை, ரத்ததானம் செய்கிறவர்களுக்குச் சாவிக்கொத்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு டீ-ஷர்ட் என்று அடுத்தவர் பெயரை அச்சடித்தே என் ஆயுசு போயிற்று. எங்கள் வீட்டில் இன்றைக்கும் டீ குடிப்பது எழுத்துப் பிழையோடு ஒதுக்கிய கப்புகளில்தான். ‘வாழ்த்துக்கள்’ என்பதை ‘வழுத்துக்கள்’ என்று போட்ட கப் என் வீட்டுக்காரருடையது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மெஷினைப் பற்றியும் மையைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். தப்பு நடந்த நேரத்தில் என்ன செய்வது என்பது கைக்குத் தெரியாது. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை நித்யா என்ற பெண் கடைக்கு வந்தாள். கண் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. படிப்பு முடித்து வந்த முதல் வேலை, முதல் பெரிய பொறுப்பு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை நடத்த வேண்டும். முன்பு இரண்டு முறை முகாம் போட்டும் ஆள் வரவில்லை. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இந்த முறை செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முகாமைப் பற்றி ஊருக்குத் தெரிய ஏதாவது அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

"பேனா போட்டுடலாமா மேடம்? எல்லாரும் பேனாதான் குடுக்கறாங்க" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து முதலாளி எழுந்து வந்தார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் வாயிலிருந்து வந்தது, மீதி அவர் பேசாமல் இருந்தபோது பார்த்துக் கற்றது.

"குடுக்கறவங்களப் பத்தி அப்பால பேசலாம்மா. வாங்கறது யாரு, அத்தச் சொல்லு" என்றார் நித்யாவிடம்.

"மீன் விக்கிறவங்க சார். அப்புறம் போட்ல போறவங்க."

"மீனு வெட்டுற கையில பேனாவ எங்க சொருவுவாங்க?" பாய் என் பக்கம் திரும்பினார். "யசோதாம்மா, நாளைக்குக் காலைல காசிமேடு போயி சும்மா நின்னு பாத்துட்டு வா."

மறுநாள் போனேன். ஏலம் முடிந்து, வேன்களும் ஆட்டோக்களும் மீனை ஏற்றிக்கொண்டு போய், சில்லறை விற்பனை நடந்துகொண்டிருந்தது. என் சிநேகிதி தேசம்மா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மீன் வாங்குவது அவளிடம்தான். அவளைக் கவனித்தேன். வலது கை மீனைத் திருப்பிக்கொண்டிருந்தது. இடது கை ஓர் அட்டைப்பெட்டி மூடியைப் புருவத்துக்கு மேல் பிடித்திருந்தது. வெயில் கூசுகிறது என்றாள். சுற்றிப் பார்த்தேன். அந்த வரிசையில் பாதிப் பேருக்கு ஒரு கை இப்படிக் கண்ணுக்கு மேலேதான் இருந்தது.

"தேசம்மா, இலவசமா ஒரு பொருள் குடுத்தா இன்னா வேணும் உனக்கு?"

"பிரிட்ஜு குடு" என்றாள். "குடுக்கறதுன்னு ஆயிடுச்சு, பெருசா குடேன்."

பிரிட்ஜில் பெயர் போட நமக்கு வழியில்லை. கடைக்குத் திரும்பி, "பாய், குடை" என்றேன். அவர் தலையாட்டினார்.

நித்யா கடல் நீலத்தில் குடை கேட்டாள். நீலம் கடலோரத்தில் எடுபடாது, மஞ்சள்தான் தூரத்திலிருந்து தெரியும் என்று பாய் சொன்னார். கம்பெனிக்காரர்கள் தங்கள் சின்னம் பெரிதாக வர வேண்டும் என்றார்கள். அதற்கு நான் ஒப்பவில்லை. கம்பெனி அதிகாரியிடமே பேசினேன். "சார், இத்தப் படிக்கப் போறவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. போன் நம்பர் எவ்ளோ பெருசா வருதோ அவ்ளோ நல்லது. உங்க பேரு ஓரத்துல இருந்தாலும், குடை தலைக்கு மேல இருக்கிற வரைக்கும் உங்கள நினைப்பாங்க" என்றேன். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். முகாம் தேதியைக் குடையில் போட வேண்டாம் என்பதையும் நான்தான் சொன்னேன். தேதி போட்டால் அந்தத் தேதியோடு குடையின் பேச்சு முடிந்துவிடும். எண் மட்டும் இருந்தால் குடை கிழியும் வரை பேசும்.

அப்படித்தான் முடிவானது. ‘இலவசக் கண் பரிசோதனை, கூப்பிடுங்கள்’ என்ற வரி, அதன் கீழே கறுப்பில் உள்ளங்கை அளவு எண்கள். நித்யா எழுதி அனுப்பினாள், நாங்கள் மாதிரி அடித்துக் காட்டினோம், அவள் பார்த்துச் சரி என்றாள், அச்சாகிப் போய்விட்டது.

குடை கொடுத்த நாளில் நானும் போயிருந்தேன். அந்தத் துறைமுகத்தை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அப்படி ஓர் அழகைப் பார்த்ததில்லை. மீன் விற்கும் வரிசை முழுக்க மஞ்சள் பூத்துவிட்டது. படகிலிருந்து இறங்கியவர்கள், "இன்னாம்மா, இன்னிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். தேசம்மா குடையை விரித்து, இடது கையைக் கீழே இறக்கி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "இந்தக் கைக்கு இன்னிக்குத்தான் லீவு வுட்டேன்" என்றாள்.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த சில நாட்கள் கடையில் அதே பேச்சு.

அப்புறம் நித்யா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"மேடம், ஒருத்தர்கூட கூப்பிடல. ஒரு கால்கூட வரல. குடை வேஸ்ட்டாப் போச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அந்தக் கம்பெனி சாரும் கேட்டுட்டே இருக்கார். முகாமுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

ஒருவர்கூடவா? அது எப்படி? போனை வைத்துவிட்டு நேராகக் காசிமேட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். தேசம்மா குடைக்கடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தேசம்மா, கண்ணு டெஸ்டுக்கு நீ போன் பண்ணலயா?"

"பண்ணாம இன்னா? மொத நாளே பண்ணேன்" என்றாள். "ஒரு ஆளு பேசுனாரு. இன்னா மரியாத! எந்தக் கண்ணு, வலதா இடதான்னு கேட்டாரு. எத்தினி நாளா மங்கலா கீதுன்னு கேட்டாரு. நாஷ்டா துன்னியான்னு கேட்டாரு. என் வூட்டுக்காரன் கேட்டதில்ல அப்டி."

பக்கத்துக் குடைக்கடியிலிருந்தும் குரல் வந்தது. "எங்கிட்டயும் பேசுனாருக்கா. தேதி விசாரிச்சிச் சொல்றேன்னாரு."

அறக்கட்டளையில் போன் எடுப்பது நித்யா மட்டும்தான். ஆண் யாரும் கிடையாது. நித்யாவைப் போனில் கூப்பிட்டு, குடையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். கடைசி எண்ணுக்கு வந்து, "மூணு" என்றேன்.

தான் எழுதி அனுப்பியதை அவள் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெல்ல, "எட்டு மேடம்" என்றாள். "கடைசி நம்பர் எட்டு. நான் மூணுன்னு அடிச்சிருக்கேன்."

யோசித்துப் பாருங்கள். காசிமேடு முழுக்க யாரோ ஒருவருடைய சொந்த எண் உள்ளங்கை அளவு எழுத்தில் விரிந்திருக்கிறது. அவர் யார் என்று தெரியாது. அவர் அறக்கட்டளையின் ஆள் போலவே பெண்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "உன் ஆதார், பேங்க் நம்பர் ஏதாச்சும் கேட்டாரா?" என்று தேசம்மாவிடம் பதறிக் கேட்டேன். "நாஷ்டா துன்னியான்னு மட்டுந்தான் கேட்டாரு" என்றாள் மறுபடியும். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

நான் கடைக்குத் திரும்புவதற்குள் நித்யா அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. வேலை போய்விடும் என்று பயம். கடையில் ஆளுக்கொன்று பேசினார்கள். மாதிரியைப் பார்த்து அவர்கள்தானே சரி என்றார்கள், நம் மேல் தப்பில்லை என்றார் ஒருவர். சரியான எண்ணை ஸ்டிக்கர் அடித்து உடனே ஒட்டிவிடலாம், வெளியே தெரியாது என்றார் இன்னொருவர். எல்லாமே நியாயமான பேச்சுதான். நீங்களும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வீர்கள்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "யாரு தப்புன்னு அப்பால பாத்துக்கலாம். இப்ப யாரு வூட்ல போன் அடிச்சிகினு கீது? மொதல்ல அவங்களப் போயிப் பாருங்க. கம்பெனி சார்கிட்ட நான் போறேன். அவரு வேற யாரு மூலமாவும் கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்."

நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். நல்ல பரிசுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பரிசு கொடுப்பதுதானே நம் தொழில்?

"அத்த வெச்சிடு" என்றார் பாய். "கையில பொருளோட போனா வாய அடைக்க வந்தான்னு நெனப்பாங்க. மன்னிப்பு கேக்க வெறுங்கையோட போவணும்மா."

பொருள் விற்றே வாழ்ந்த ஒரு மனிதர் சொன்ன வார்த்தை இது. நான் பெட்டியை வைத்துவிட்டேன்.

முதலில் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பல முறை முயன்ற பிறகு மணி அடித்தது. கனமான குரல் ஒன்று கேட்டது.

"வணக்கம், கண்ணு டெஸ்டு. சொல்லும்மா, எந்தக் கண்ணு?"

"சார், நான் அந்தக் குடை அச்சடிச்ச கடையிலேர்ந்து பேசறேன்…"

"யம்மா!" என்று ஒரு சத்தம். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "எங்கம்மா பூட்டீங்க நீங்கள்லாம்? எத்தினி நாளா தேடிகினு கீறேன்! கொடைய குடுத்துட்டு ஆளு எஸ்கேப்பா? எந்தத் தேதி, எந்த எடம், ஒண்ணும் தெரியாம எத்தினி பேருக்கு நான் சமாதானம் சொல்லுவேன்? கெளம்பி வாங்க. எர்ணாவூர்."

திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் இந்தத் திட்டை எதிர்பார்க்கவில்லை. நித்யாவும் நானும் திருவொற்றியூர் வழியாக ஷேர் ஆட்டோ மாறி எர்ணாவூர் போய்ச் சேர்ந்தோம். அவர் போனில் வழி சொன்ன குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் ஒல்லியான மனிதர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. போன் சார்ஜரோடு சேர்ந்தே காதில் இருந்தது. எங்களை உள்ளே வரச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, "நீ ரெண்டு கண்ணும் காட்டும்மா, ஒண்ணு மட்டும் காட்டிட்டு வந்துடாத" என்று யாரிடமோ சொல்லி முடித்தார்.

அவர் பெயர் ஏழுமலை. துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுகிறவர். வண்டியிலிருந்து இறங்கும்போது படியில் கால் தவறி விழுந்து, எலும்பு முறிந்து, இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். பல மாதமாக அந்தக் கட்டில்தான் அவருடைய உலகம்.

நித்யா நின்றபடியே, "சார், தப்பு என்னோடது. உங்க நம்பரை நான்தான் தப்பா…" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

"அட, குந்தும்மா" என்றார் ஏழுமலை. "கஸ்தூரி, புள்ளைக்குத் தண்ணி குடு."

அவர் மனைவி கஸ்தூரி தண்ணீர் கொண்டுவந்தாள். ஏழுமலைதான் நடந்ததைச் சொன்னார்.

"மொத போன் வந்தப்ப எவனோ வெளையாடுறான்னு நல்லா திட்டி வுட்டேன். ரெண்டாவது வந்துச்சு. மூணாவது ஒரு வயசான அம்மா. ‘கொடைல இன்னா எய்திகீது, படி’ன்னேன். ‘எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே நைனா போனே பண்றேன்’னுச்சு."

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கட்டு போட்ட கால் ஆடி வலித்திருக்க வேண்டும், "ஆ" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"ராங் நம்பர்னு சொல்லி வெச்சிருக்கலாமே அண்ணே?" என்றேன்.

"சொல்லலாம். ஆனா அந்தம்மா பக்கத்தாளக் கெஞ்சி நம்பர் போட வெச்சிப் பேசுது. ராங் நம்பர்னா, சரி நம்மளுக்குக் கொடுத்து வெச்சது இவ்ளோதான்னு பூடும். இன்னொரு தபா அடிக்காது. அதான் ‘விசாரிச்சிச் சொல்றேன், பேரச் சொல்லு’ன்னுட்டேன்." போனை எங்களிடம் நீட்டினார். கூப்பிட்டவர்களின் பெயரெல்லாம் பதிந்திருந்தது. ‘தேசம்மா வலது’, ‘முனியம்மா இடது’, ‘அந்தோணி ரெண்டும்’. பதிந்தது கஸ்தூரி. ஏழுமலைக்கு விரல் தடிமன், தப்புத் தப்பாக விழுமாம்.

கஸ்தூரி என்னைச் சமையல் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். "யக்கா, அந்தக் கொடைய நீங்களா அடிச்சீங்க? நல்லா இருப்பீங்க. வுயுந்ததுலேர்ந்து மனுசன் செவத்தப் பாத்துகினு கெடந்தாரு. சோறு எறங்காது, எங்கிட்ட பேசறதுன்னா சண்டதான். பேஜாரா பூட்ச்சு. இந்தப் போன் வர ஆரம்பிச்சதும் காலைல எய்ந்து ஷேவிங் பண்றாரு. போன்ல மூஞ்சியா தெரியப் போவுதுன்னு கேட்டா மொறைக்கிறாரு."

நான் வாழ்க்கையில் எத்தனையோ மன்னிப்புகள் கேட்டிருக்கிறேன். போன இடத்தில் வாழ்த்து வாங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் சந்தோஷத்தில் நிதானத்தை விட்டுவிடக் கூடாது. ஏழுமலை, "இந்த நம்பரே இருக்கட்டும், நானே பேசுறேன்" என்று உற்சாகமாகச் சொன்னார். நித்யாவின் முகமும் மலர்ந்துவிட்டது. அதை ஏற்றுக்கொண்டால் எங்கள் சிக்கல் அந்த நிமிடமே தீர்ந்தது. நான்தான் குறுக்கே பேசினேன்.

"அண்ணே, கால் சரியாயி வண்டி எடுப்பீங்க. ஸ்டியரிங்கப் புடிச்சிகினு எந்தக் கண்ணுன்னு கேப்பீங்களா? அந்தக் குடை எத்தன வருசம் ஒழைக்கும்னு எனக்குத் தெரியும், நான் அடிச்சது. உங்க நம்பர் உங்களுக்கு வேணும்."

அவர் யோசித்தார். வண்டி எடுப்போம் என்பதையே மறந்திருந்தார் போலும். "அத்தயும் பாக்கணும்ல" என்று மெதுவாகச் சொன்னார். கடைசியில் ஏற்பாடு இப்படி முடிந்தது. முகாம் வரைக்கும் அவர் பேசுவார். தேதி, இடம், என்ன கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் நித்யா சொல்லிக் கொடுப்பாள். முகாமுக்கு வருகிறவர்கள் குடையோடுதான் வருவார்கள், அங்கே வைத்து எண்ணைத் திருத்திவிடலாம். மூன்றை எட்டாக்க ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை. கறுப்பு மையைத் தொட்டு இடது பக்கத்தை மூடினால் போதும். இதை நான் சொன்னதும் நித்யா முதல் முறையாகச் சிரித்தாள்.

அங்கிருந்து கிளம்புவதற்குள் ஏழுமலை வேலையைத் தொடங்கிவிட்டார். பதிந்திருந்த ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, "யம்மா, தேதி கெடச்சிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் தேர்தலில் ஜெயித்தவருடைய களிப்பு இருந்தது.

பாய் அதே நாளில் அந்தக் கம்பெனிக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். அதிகாரி முதலில் கோபப்பட்டாராம். ஏழுமலையைப் பற்றிச் சொன்னதும், "எங்க யார்டுக்கு வர்ற டிரைவரா?" என்று கேட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாராம். மறைத்து வைத்து, ஒரு மாதம் கழித்து வெளியே வந்திருந்தால் அதே கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முகாம் அன்று காலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த சமுதாயக் கூடத்தின் வாசலில் மஞ்சள் குடைகள் தெருமுனை வரை நின்றன. முன்பு ஆளே வராத இடம். நான் வாசலில் மேசை போட்டு, பிரஷ்ஷும் மையுமாக மூன்றுகளை எட்டாக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் வந்தவர்களில் பலர் மருத்துவரைத் தேடவில்லை.

"போன்ல பேசுனாரே, அவுரு எங்க?" என்று கேட்டார்கள். அவர் வரவில்லை என்றதும் தேசம்மாவுக்கு ஏமாற்றம். "அவுரு சொல்லித்தானே வந்தோம்?" என்றாள். அந்தோணி என்று ஒரு முதியவர், பழைய கட்டுமரக்காரர், கண்புரைக்கு ஆபரேஷன் என்றதும் எழுந்து வெளியே போய்விட்டார். மருத்துவர் சொல்லியும், நித்யா கெஞ்சியும் கேட்கவில்லை.

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். தெரிந்த ஆட்டோவை எர்ணாவூருக்கு அனுப்பினோம்.

ஏழுமலை, கட்டுப் போட்ட காலைப் பின்சீட்டில் குறுக்கே நீட்டி, கஸ்தூரி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள, புதுச் சட்டையில் வந்து இறங்கினார். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. ஊன்றுகோலை ஊன்றி நின்று, "இன்னா எல்லாரும் நாஷ்டா துன்னீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் வரிசையே கலைந்து அவரைச் சூழ்ந்துகொண்டது.

தேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா அது? போன்ல கேட்டா பயில்வான் மாதிரி கீது. இவ்ளோ ஒல்லியா கீறியே நைனா!"

"கொரலுக்கே எல்லாம் பூட்ச்சும்மா" என்றார் ஏழுமலை.

அந்தோணியிடம் அவரை அழைத்துப் போனோம். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள இரும்பு வெச்சிகீறான். பயமா இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆபரேசனுக்குக் கூட்டிகினு போவ சொல்ல அப்டியே அய்தேன். கஸ்தூரியக் கேளு. ஆனா இப்பப் பாரு, எய்ந்து உங்கிட்ட வந்துட்டேன். நீ ஆபரேசனுக்குப் போற அன்னிக்கு நான் போன்லயே இருக்கேன், உள்ள போற வரைக்கும் பேசிகினு போ." பெரியவர் திரும்பி, அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கட் பண்ணிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லோரும் முடித்த பிறகு தேசம்மா விடவில்லை. ஊர்க் கண்ணையெல்லாம் விசாரித்தவருடைய கண்ணை யார் பார்த்தது என்று கேட்டாள். ஏழுமலை மழுப்பினார். முதன்முதலாக அவர் குரல் இறங்கியது. எனக்குப் புரிந்தது. அவர் டிரைவர். கண்ணில் குறை என்று வந்துவிட்டால் பிழைப்பு? கஸ்தூரிக்கும் புரிந்தது. அவள் அவருடைய ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து போனார்.

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தார். கண்ணாடி போட்டால் போதுமாம். வண்டி தாராளமாக ஓட்டலாமாம்.

நடந்தது இவ்வளவுதான். தேசம்மாவுக்கும் அந்தோணிக்கும் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழுமலை, சொன்னபடியே, அந்தோணி உள்ளே போகும் வரைக்கும் போனை வைக்கவில்லை. கால் கூடியதும் மீண்டும் டிரெய்லர் ஏறிவிட்டார். முகாம் வேலை பெருகிப்போனதால் போன் பேச ஒரு முழுநேர ஆள் வேண்டும் என்று அறக்கட்டளை தேடியபோது நித்யா வேறு யாரையும் யோசிக்கவில்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டாள். அத்தனை பேரையும் பெயரோடும் கண்ணோடும் அறிந்தவள் அவள்தானே? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுதான் அவளுடைய முதல் சம்பளம்.

நீங்கள் அச்சடிக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு வாக்கு. அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஒரு மனிதர் எடுத்து, இரண்டு நல்ல வார்த்தை பேச வேண்டும். குடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இல்லையென்றால் வெறும் துணிதான். எங்களுக்கு அதிர்ஷ்டம், தப்பான எண்ணில் சரியான ஆள் இருந்தார். அந்த அதிர்ஷ்டத்தை நம்பித் தொழில் செய்ய முடியாது. அதனால் அன்று முதல் எந்த எண்ணும் மெஷினுக்குப் போகும் முன் நான் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். நீங்களும் கூப்பிடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அடுத்த ஆண்டு அதே அறக்கட்டளை துணிப்பை கேட்டது. மாதிரி தயாரானதும் எண்ணைக் கூப்பிட்டேன். கஸ்தூரி எடுத்தாள், வைத்துவிட்டேன். நிறம் மாற்றிய மாதிரி வந்ததும் மறுபடி கூப்பிட்டேன். கடைசி மாதிரி வந்ததும் இன்னொரு முறை.

"யக்கா" என்றாள் கஸ்தூரி, "நம்பர் கரெக்டுதான், நானும் இங்கதான் கீறேன். வெளிய பத்து பேரு காத்துகினு கீறாங்க. நீ போனை வெச்சிட்டு மெஷினை ஓட்டு!"

சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டச் சொன்னேன்.